காரணம்: கிராஃபிக்ஸ்

தூத்துக்குடியில் வாய் நிறையப் பொய் பேசி, கை நிறைய உண்மை எழுதிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். எங்கள் தெருவில் அவருக்கு ஆயில்மேன் அண்ணாச்சி என்று பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அது புன்னைக்காயல் கோயில் ஏட்டில் இருப்பதோடு சரி. முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையில் எண்ணெய் போட்டு, துடைத்து, சூடு பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று மட்டக்கடைப் பக்கம் வந்து எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருந்தார்.

வாயால் அவர் சொன்னதை நம்பினால் ஒரு துறைமுகத்தில் கப்பலின் தண்ணீர்க் குழாயில் திமிங்கலம் மாட்டிக்கொண்டு, அண்ணாச்சிதான் வாலைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார். இன்னொரு ஊரில் அந்த நாட்டு ஜனாதிபதியோடு கால்பந்து ஆடியிருக்கிறார். ஜனாதிபதி இவர் காலை மிதித்துவிட்டு மன்னிப்பும் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் திமிங்கலம் இரண்டடி வளரும். நாங்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்போம்.

பேனாவைக் கையில் எடுத்தால் மனுஷன் வேறு. கப்பலில் நாலு மணி நேரத்துக்கு ஒரு காவல்முறை, அதற்கு வாட்ச் என்று பேர். வாட்ச் பார்க்கிறவன் மெஷினைச் சுற்றி வந்து சூடு, அழுத்தம், சத்தம் எல்லாவற்றையும் லாக் புக்கில் எழுத வேண்டும். கப்பலை விட்டு இறங்கிய பிறகும் அண்ணாச்சி லாக் புக்கை விடவில்லை. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. வீட்டு மோட்டார், மனைவியின் கிரைண்டர், தெரு டிரான்ஸ்ஃபார்மர், தன் வயிறு எல்லாம் அதில் இருந்தன. ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். 'காலை 6.10, மோட்டார் சத்தம் சரி. 6.40, மோட்டார் சூடு. 7.05, வயிறு மந்தம். காரணம்: நண்டு' என்று எழுதியிருந்தார்.

அந்தக் 'காரணம்' என்ற கட்டம் அவருக்கு உயிர். அதைக் காலியாக விட மாட்டார், தெரியாமல் நிரப்பவும் மாட்டார். பங்குச் சாமியாரின் அலுவலகக் கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக அணைந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி ஒரு நாள் முழுக்க மேசைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'காரணம்: சாமியார்' என்று எழுதினார். சாமியாருக்குப் பேசும்போது காலாட்டும் பழக்கம். மேசைக்கடியில் பிளக் இருந்தது. மின்சாரக் கோளாறு என்று மாற்றி எழுதக் கூடாதா என்று சாமியார் பவ்யமாகக் கேட்டிருக்கிறார். லாக்கில் அழிக்கிற வழக்கம் கிடையாது, வேண்டுமானால் குறுக்கே ஒரு கோடு போட்டுச் சாமியாரே கையெழுத்துப் போடட்டும் என்று அண்ணாச்சி பேனாவை நீட்டிவிட்டார். சாமியார் போடவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கம் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது என்று கேள்வி.

கப்பலில் கொடுத்த, மேலும் கீழும் ஒரே துணியாக வரும் பாய்லர் சூட் என்ற உடுப்பைச் சித்திரை வெயிலிலும் கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டுதான் ரிப்பேருக்கு வருவார். பின் பையில் துடைக்கிற துணி, முன் பையில் ஒரு முழ நீளத்துக்கு ஸ்குரூ டிரைவர். அதன் முனையை மெஷினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். கப்பல் இன்ஜினுக்கு அது சரி. லாப்டாப்புக்கும் அதையேதான் செய்தார். வெளிநாட்டில் இருக்கும் மருமகன் அனுப்பிய லாப்டாப் கெட்டுப்போய், அதை ஒரு மாதம் வாட்ச் பார்த்துச் சரி செய்த நாளிலிருந்து, தெருவில் உள்ள அத்தனை லாப்டாப்புக்கும் அவர்தான் ஆயில்மேன்.

இனி என் தம்பி ஜெபராஜ் கதைக்கு வருகிறேன். இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல எனக்கு வராது.

ஜெபா கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். இருபத்தேழு வயது. உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வலது கையில் ஒரு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து, வீடு போன்ற பெட்டிகளைத் தூக்கி அடுக்குவான். ஐப்பசி மழையில் துறைமுகச் சாலையில் பைக் வழுக்கி விழுந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது முழங்கையில் நரம்பு போய்விட்டது. ஆபரேஷன் செய்து தைத்தார்கள். தைத்த நரம்புக்குத் தினமும் வேலை கொடுத்தால்தான் விரல் திரும்பும், சும்மா விட்டால் விறைத்துப்போகும் என்று பிசியோதெரபி அக்கா அடித்துச் சொன்னாள். கம்பெனியில் ஈஸ்டர் கழிந்ததும் மருத்துவப் பரிசோதனை வைத்திருந்தார்கள். கை தேறினால் கிரேன். தேறாவிட்டால் வாசலில் லாரிக்காரர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை, அதையும் இடது கையால்தான் எழுத வேண்டும்.

அக்கா கொடுத்த ரப்பர் பந்தை அவன் இரண்டு நாள் அமுக்கினான். மூன்றாம் நாள் அது பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் கிடந்தது. வேறு என்னதான் பிடிக்கும் என்று அக்கா கேட்டபோது, சின்ன வயதில் நாங்கள் இருவரும் பழைய வீடியோ கேம் பெட்டியில் ஆடிய கார் பந்தயத்தைச் சொன்னான். அந்தப் பெட்டி இப்போது கிடைக்காது. ஆனால் லாப்டாப்பை அந்தப் பழைய பெட்டி மாதிரி நடிக்க வைக்கிற ஒரு மென்பொருள் இருக்கிறது, எமுலேட்டர் என்று பேர். நான் அதைப் போட்டு, கைக்கடக்கமான ஒரு கன்ட்ரோலர் வாங்கி, வலது கட்டைவிரலால்தான் காரைத் திருப்ப முடியும் என்று மாற்றி வைத்தேன்.

முதல் நாள் கார் கிளம்பியதும் ஜெபா சிரித்தான். விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான். எட்டாவது நிமிஷம் திரையில் பச்சைக் கோடுகள் விழுந்தன, படம் உறைந்தது, எல்லாம் இருண்டு லாப்டாப் தானாக மறுபடி கிளம்பியது. மறுநாள் ஐந்தாவது நிமிஷம். அதற்கு மறுநாள் பந்தயம் முடிய ஒரு சுற்று இருக்கும்போது. ஜெபா கன்ட்ரோலரை மெத்தையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை.

நான் ஷிப்பிங் ஆபீஸ் குமாஸ்தா. கம்ப்யூட்டர் எனக்குத் தெரியும் என்ற மிதப்பு எனக்கு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாமல் பத்து வீடியோ பார்த்தேன். திரையில் படம் காட்ட உதவும் கிராஃபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள், புதுப்பித்தேன். எமுலேட்டரைப் பழைய பதிப்புக்கு மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். படத்தின் தரத்தைக் கூட்டினேன், குறைத்தேன், பேர் தெரியாத கட்டங்களில் எல்லாம் டிக் அடித்தேன். சாயங்காலம் இரண்டாவது நிமிஷத்திலேயே நின்றது. அம்மா வீட்டு ஜெபத்தில், "ஆண்டவரே, அந்தக் கிராஃபிக்ஸைத் தொட்டருளும்" என்று உருகிச் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா சாயர்புரத்துக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெபத்தில் பொருளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி.

மறுநாள் கீழே போய் அண்ணாச்சியை அழைத்து வந்தேன். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வந்தவர், லாப்டாப்பைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, இதுவரைக்கும் என்னென்ன மாற்றினேன் என்று கேட்டார். சொல்லச் சொல்ல விரலை மடக்கிக்கொண்டே வந்தார். பத்து விரலும் தீர்ந்துபோனது.

"பதினொண்ணு. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டு, எதுனால கெட்டுதுன்னு இனி எவன்டே கண்டுபிடிப்பான்? ஒரு நேரத்துல ஒரு நட்டுதான் திருப்பணும்" என்றார்.

முதல் வேலையாக நான் செய்த பதினொன்றையும் திருப்பி வைத்தார். பிறகு லாப்டாப்பைத் தூக்கினார். அடியில் அம்மா பின்னிய குரோஷா விரிப்பு. எங்கள் வீட்டில் டிவி, பிரிட்ஜ், தண்ணீர்க் குடம் எதுவும் வெறுமனே இருக்காது. எல்லாவற்றுக்கும் விரிப்பு உண்டு, அதுவும் கஞ்சி போட்டு அப்பளம் மாதிரி விறைப்பாக நிற்கும். லாப்டாப் காற்றை இழுப்பது அடிப்பக்கத் துளைகள் வழியாக. அண்ணாச்சி விரிப்பை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார். 'காரணம் 1: டீச்சரம்மா.' அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பிஷப்பம்மா கையால் பரிசு வாங்கிய பின்னல் அது என்றார்கள். பின்னலில் குறையே இல்லை, கஞ்சிதான் கூடுதல் என்று அண்ணாச்சி சமாதானம் சொன்னார். ஆனால் எழுதியதை மாற்றவில்லை.

இரண்டாம் நாள் இன்னொன்று கண்டுபிடித்தார். அந்த லாப்டாப்பில் படம் காட்ட இரண்டு சில்லுகள் உண்டு, சின்னது ஒன்று, பெரியது ஒன்று. எமுலேட்டர் சின்னதில் கிளம்பி, பாரம் கூடியதும் பெரியதுக்குத் தாவியது. தாவுகிற அந்த நொடியில்தான் பச்சைக் கோடு. கப்பலில் இரண்டு ஜெனரேட்டரை மாற்றும்போதும் இதே கூத்துதான் நடக்கும் என்று சொல்லி, எமுலேட்டர் ஆரம்பத்திலிருந்தே பெரியதில்தான் ஓட வேண்டும் என்று அமைத்தார். மூன்றாம் நாள், நெட் இருக்கும்போதெல்லாம் லாப்டாப் தன் இஷ்டத்துக்குப் புது டிரைவரை இறக்கிப் போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டு, நெட்டைப் பிடுங்கி, இருந்த டிரைவரைச் சுத்தமாகத் துடைத்து, லாப்டாப் வாங்கும்போது இருந்த பழைய டிரைவரையே போட்டார். நாலாம் நாள் படம் வரைகிற முறையை எமுலேட்டரில் வேறொன்றுக்கு மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையில் ஒரு மணி நேரம் வாட்ச். ஸ்குரூ டிரைவர் காதில்.

நாலாம் நாள் சாயங்காலம் அவரே உட்கார்ந்து ஆடினார். கப்பலை ஓட்டுகிற ஞாபகத்திலோ என்னவோ, திருப்பத்துக்கு அரை மைல் முன்னாடியே திருப்பிச் சுவரில் மோதுவார். இரண்டு மணி நேரம் மோதினார். லாப்டாப் நிற்கவில்லை. அம்மா ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

மறுநாள் ஜெபா உட்கார்ந்தான். நாங்கள் எல்லாரும் பின்னால் நின்றோம். ஆறாவது நிமிஷம் திரை இருண்டது.

அம்மா சமையலறைக்குள் போய்விட்டார்கள். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க அந்த லாப்டாப்பைக் கண்டபடி ஏசினேன். அண்ணாச்சி மட்டும் அசையாமல் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெபாவைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து, வழக்கத்தைவிட மெதுவாக, '6 நிமிடம். காரணம்: கிராஃபிக்ஸ்' என்று எழுதினார். இது நாள்பட்ட கேஸ் என்றும், தினம் நாலு மணிக்குத் தானே வந்து வாட்ச் பார்ப்பதாகவும் சொன்னார். அந்த நேரத்தில் அறைக்குள் ஜெபாவையும் தன்னையும் தவிர ஆள் இருக்கக் கூடாதாம். ஏன் என்று கேட்டதற்கு, ஆட்களின் உடம்புச் சூடு சேர்ந்து கிராஃபிக்ஸைக் கெடுக்கிறது என்றார். திமிங்கலம் சொல்கிற அதே முகம். இருந்தாலும் நான் நம்பினேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கியிருந்தது. அண்ணாச்சி தினம் நாலு மணிக்குப் பாய்லர் சூட்டில் படியேறுவார். அம்மா கடுங்காப்பி வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஆறு மணிக்கு வெளியே வந்து நோட்டைக் காட்டுவார். ஏழு நிமிடம், காரணம் கிராஃபிக்ஸ். ஏழு. ஒன்பது. ஐந்து. பன்னிரண்டு. பதினொன்று. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம். நாங்கள் அந்த எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்போம். பதினேழு வந்த அன்று அம்மா பால் பாயசம் வைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை அம்மா ஜெபாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். எனக்கு லீவு. ஆசையாக இருந்தது, பந்தயத்தைப் போட்டேன். பதினேழு நிமிஷம் தாண்டியது. ஒரு மணி நேரம் ஆயிற்று. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி ஆடினேன். மூன்று மணி நேரம் ஒரு கோடு விழவில்லை. லாப்டாப்பும் தனக்குள் ஒரு லாக் எழுதுகிறது, எப்போது நின்றது, எதனால் நின்றது என்று. அதைத் திறந்து படித்தேன். அண்ணாச்சி வந்த நாலாம் நாளுக்குப் பிறகு கிராஃபிக்ஸ் கோளாறு என்று ஒரு வரிகூட இல்லை. தினமும் நாலு மணிக்குப் பிறகு ஒரே வரி: பவர் பட்டன் நீண்ட நேரம் அழுத்தப்பட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் எல்லாரையும் முட்டாளாக்கிவிட்டார் மனுஷன் என்று தடதடவென்று இறங்கிப் போனேன். அண்ணாச்சி வாசல்படியில் உட்கார்ந்து கன்ட்ரோலருக்கு மாற்று வயர் ஒட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் வயரைக் கீழே வைத்தார்.

"மெசின் நாலாம் நாளே ஓடிட்டு தம்பி. காரு சுவத்துல முட்டும்போதெல்லாம் அவன் இடது கை மெதுவா அந்தப் பட்டனுக்குப் போவுது. பின்னால நீயும் டீச்சரம்மாவும் நிக்கிய. விரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, அதை நீங்க பாக்குதிய. அவன் என்ன செய்வான்?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?"

"சொன்னா எல்லாரும் அவன் முகத்தப் பாப்பிய. இப்ப எல்லாரும் லாப்டாப்ப ஏசுதிய. ஏசட்டும், அது தாங்கும். அவன் பட்டனுக்குக் கை கொண்டுபோகும்போது நான் காப்பியப் பாத்துக்கிடுவேன். நேத்து பதினேழு நிமிசம் அந்தக் கை போவல பாத்தியா?"

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை. லாக்கில் பொய் எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டுவிட்டேன். சாமியாரையே விடாதவர்.

அண்ணாச்சி பின் பையிலிருந்து துணியை எடுத்துச் சுத்தமான கையைத் துடைத்தார்.

"முப்பது வருசத்துல எழுதுனதில்ல. தினமும் எழுதுமுன்ன பேனா நிக்குது. நிமிசம் கூடியிருக்கான்னு பாத்துட்டு எழுதிருதேன்" என்றார்.

நான் மேலே வந்து வாயைத் திறக்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். அன்றிலிருந்து ஜெபாவின் காதில் விழுகிற மாதிரி லாப்டாப்பை இன்னும் சத்தமாக ஏசினேன். மன்னார் வளைகுடாவில் தூக்கிப் போடுவேன் என்றேன். அம்மா அந்தப் பக்கம் கிராஃபிக்ஸுக்காக முழங்காலில் நின்றார்கள். இப்படியாக ஒரு தப்பும் செய்யாத லாப்டாப்புக்கு எங்கள் வீட்டில் அந்தத் தபசுகாலம் கழிந்தது.

இருபத்திரண்டு. முப்பது. இருபத்தாறு. ஒரு நாள் கதவுக்கு உள்ளேயிருந்து ஜெபா அண்ணாச்சியைத் திட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது கன்ட்ரோலரைப் பிடித்து அவரும் ஆட ஆரம்பித்திருக்கிறார், குறுக்கே வந்து இவன் காரை இடித்திருக்கிறார். பயந்துபோய் ஓடிய அம்மாவை நான் வாசலிலேயே மறித்துக்கொண்டேன். உள்ளே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் ஆறு மணி ஆகியும் கதவு திறக்கவில்லை. ஆறே காலுக்கு அண்ணாச்சி வந்தார். லாப்டாப் நிற்கவில்லை, ஜெபாவே ஆடி முடித்து முறைப்படி அணைத்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆறிப்போன காப்பியை நின்றபடியே குடித்தார். நோட்டில் அன்றைய காரணக் கட்டத்தில் கிராஃபிக்ஸ் இல்லை, வெறும் கோடு ஒன்று போட்டிருந்தார். கையெழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்.

பரிசோதனையில் சுண்டுவிரலைத் தவிர எல்லாம் தேறியது. சுண்டுவிரல் இன்றைக்கும் மடங்காது, காப்பி டம்ளரைப் பிடித்தால் கலெக்டர் மாதிரி தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். முதலில் மூன்று மாதம் சின்ன கிரேனில் போட்டார்கள். பிறகு பழைய கூண்டுக்கே ஏற்றிவிட்டார்கள். ஜெபாவும் அண்ணாச்சியும் அந்தப் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவருக்குத் தெரியும் என்று உனக்கு எப்போது தெரியும் என்று ஒரு நாள் ஜெபாவிடம் கேட்டேன்.

"ரெண்டாம் நாளே தெரியும்ணே. நான் கைய எடுக்குமுன்னயே அவரு காப்பியப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு" என்றான்.

போன தை மாதம் அண்ணாச்சி போய்விட்டார். நெஞ்சுவலி, அரை மணி நேரம்கூட இல்லை. சொந்த ஊரான புன்னைக்காயலுக்குக் கொண்டுபோனோம். திமிங்கலக் கதை கேட்ட ஊர் முழுக்க வந்திருந்தது. பூசை முடிந்து பெட்டியைத் தூக்க ஆட்கள் முன்னே வந்தபோது, ஜெபா யாரையும் கேட்காமல் போய் முன்பக்கத்துப் பிடியை வலது கையால் பிடித்தான். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் கால் புதைகிற மணல். பாதி வழியில் அவன் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் போய் இடது கைக்கு மாற்றிக்கொள்ளடா என்று காதில் சொன்னேன். ஜெபா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழிக்கரை வரைக்கும் கை மாற்றவும் இல்லை.